தொட்டித் தண்ணீரும் தெள்ளுப்பூச்சிகளும்

சின்னுவுக்கு அன்று காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆய்வுக்கூடத்துக் கணினித் திரையில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மேலே ஏறியிருந்தன. ஒன்று ஏற வேண்டிய கோடு. மற்றது ஏறவே கூடாத கோடு.

வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் வந்த பெயர் சின்னு. முப்பது வயதைத் தாண்டியும் அது அவளை விட்டபாடில்லை. ஒரு தடவை அக்காள் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து "சின்னு இருக்காளா?" என்று கேட்டுவைக்க, அங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

அவளுடைய வேலை நீர்த்தெள்ளு வளர்ப்பது. பெயர்தான் தெள்ளு, நாய் மேல் ஒட்டிக்கொள்ளும் தெள்ளுப்பூச்சிக்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இது நண்டு, இறால் வகையறாவுக்குப் பங்காளி. எள்ளளவு உடம்பு. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும்: துடிக்கிற இதயம், தின்ற பச்சைப் பாசி குடலில் ஒரு கோடாக இறங்குவது, முதுகுப் பையில் முட்டைகள் அடைந்துகிடப்பது. காலம் நன்றாக இருந்தால் ஆண் துணைகூட வேண்டாம், தாயே தன்னந்தனியாகக் குஞ்சு பொரித்துத் தள்ளும். "நம்ம சின்னுவுக்கு ஏத்த பிராணிதான்" என்று அக்காள் புருஷன் இதை வைத்தே கேலி செய்வார்.

இந்தப் பிராணியின் உடம்பில் உலோகம் நுழைந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. உலோகத்தைப் பிடித்துக் கட்டிப்போட அதன் உடம்பு ஒரு புரதத்தைச் செய்கிறது. அதைச் செய்யச் சொல்லும் மரபணு நல்ல தண்ணீரில் இருக்கும்போது ஏதோ பேருக்கு முணுமுணுத்துக்கொண்டிருக்கும். உலோகம் எட்டிப் பார்த்துவிட்டதோ, கூச்சல் போட ஆரம்பித்துவிடும். அந்தக் கூச்சலை அளக்க ஓர் இயந்திரம் இருந்தது. திரையில் கோடு எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ, மரபணு அவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு வரிசை ஜாடிகளில் செம்பு, நிக்கல் என்று வேண்டுமென்றே உலோகம் கலந்த தண்ணீர். இன்னொரு வரிசையில் வெறும் ஏரித் தண்ணீர். ஊருக்கு வெளியே இருந்த அந்த ஏரியிலிருந்து அவ்வப்போது வேனில் கொண்டுவந்து, வடிகட்டி, பெரிய பீப்பாயில் ஊற்றி வைப்பார்கள். ஊரிலேயே சுத்தமான தண்ணீர் அதுதான். சுத்தமான தண்ணீரில் இருக்கிற தெள்ளு அமைதியாக இருந்தால்தானே மற்றதன் கூச்சலை ஒப்பிட முடியும்? இப்போது இரண்டும் சேர்ந்து கத்தின.

பேராசிரியை வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அதிர்ந்து பேசாத பெண்மணி. ஆனால் அவர் மெதுவாகப் பேசுகிறபோதுதான் எல்லோரும் உஷாராவார்கள். குழாய்கள் எங்கேயோ மாறிப்போயிருக்கின்றன, அல்லது கை சரியாக அலம்பவில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள் என்றார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தங்கள் தங்கள் வேலையில் மூழ்கியதுபோல் பாவனை செய்தார்கள்.

சின்னுவுக்குக் காது மடல் சுட்டது. இத்தனை வருடத்தில் ஒரு குழாயை மாற்றி வைத்தவள் இல்லை அவள். இருந்தாலும் சொன்னவர் சொல்லிவிட்டாரே. எல்லாவற்றையும் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினாள். புதுக் கையுறை போட்டாள். புதிதாகத் தெள்ளுகளை எண்ணி விட்டாள். காத்திருக்கிற நாட்களில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடப் போனவள் பாதியில் எழுந்து வந்து ஜாடியை எட்டிப் பார்த்தாள். தெள்ளுகள் தங்கள் பாட்டுக்குக் குதித்து மேலே வந்தன, கீழே இறங்கின. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

மறுபடியும் அதே கோடு.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பீப்பாய்மேல் சந்தேகம் விழுந்தது. அந்தப் பீப்பாயில் இருந்தது சமீபத்தில் எடுத்துவந்த தண்ணீர். முந்தைய தடவை எடுத்ததில் கொஞ்சம் ஒரு பழைய கேனில் மூலையில் கிடந்தது. ஜன்னல் செடிக்கு ஊற்ற யாரோ வைத்திருந்தார்கள். அதில் சில தெள்ளுகளை விட்டாள், புதுத் தண்ணீரில் சிலவற்றை விட்டாள். பழைய தண்ணீர்க்காரர்கள் அமைதியாக இருந்தார்கள். புதுத் தண்ணீர்க்காரர்கள் கத்தினார்கள்.

ஆக, கையும் சரி, குழாயும் சரி. ஏரிதான் கெட்டிருக்கிறது. பேராசிரியையிடம் சொன்னபோது அவர் மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரை ரசாயனப் பிரிவுக்கு அனுப்பச் சொன்னார். அங்கே உலோகம் அளக்கிற இயந்திரம் பழுதாகி, ஆள் வந்து திறந்து போட்டிருந்தான். சரியானதும் முதல் ஆளாக உங்களுடையதைப் பார்க்கிறேன் என்று அந்தப் பிரிவுக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். எந்த உலோகம் என்று மரபணு சொல்லாது. உலோகம் வந்திருக்கிறது என்று மட்டும்தான் அதற்குக் கத்தத் தெரியும்.

பொறுமையாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு. ஆனால் சின்னுவுக்கு உள்ளுக்குள் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. விடுமுறை நாளில் பஸ் ஏறி ஏரிக்கே போய்விட்டாள்.

கரையைச் சுற்றி நடைபாதை, ஓடுகிறவர்கள், சைக்கிள்கள், மூச்சுவாங்க நடக்கிற ஒரு தம்பதி. தண்ணீர் அவள் பார்த்த மட்டும் தெளிவாகத்தான் இருந்தது. பம்ப் அறைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் இறங்குகிற படிக்கட்டில்தான் அதைக் கண்டாள். சிமென்ட்டில் நீலமும் பச்சையும் கலந்த கறை, திட்டுத் திட்டாக. குனிந்து விரலால் தேய்த்தாள். நிமிர்ந்தபோது எதிரே மேட்டின் மேல் முலாம் பூசும் ஆலையின் பின்சுவர் தெரிந்தது. சுவரோரமாக ஒரு வாய்க்கால் இறங்கிப் புதருக்குள் மறைந்தது.

 அந்த நீலத்தை அவள் நன்றாக அறிவாள். அக்காள் வாரம் தவறாமல் துவைத்துப் போடுகிற சீருடையின் கைப்பக்கத்தில் அதே நீலம் இருக்கும். அந்த ஆலையில் தண்ணீர்க் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காக முலாம் பூசுகிறார்கள். பூசிக் கழுவிய தண்ணீரெல்லாம் ஒரு பெரிய தொட்டிக்கு வரும். சுண்ணாம்பு போட்டு, உலோகத்தை அடியில் படியவைத்து, தெளிந்த தண்ணீரை வெளியே விடுகிற பொறுப்பு அவளுடைய மாமாவுடையது. அக்காள் புருஷன். வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தவளை, வாடகைக்கு வீடு தேடாதே என்று சொல்லித் தன் வீட்டு அறையைக் காலி பண்ணிக் கொடுத்த மனிதர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்காமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. மாமா தட்டில் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டிருந்தார். அக்காள் திரைச்சீலை தைக்கிற கடையில் அன்று நடந்த வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்: யாரோ ஒருத்தி ஜன்னல் அளவைக் கொடுப்பதற்குப் பதிலாகக் கட்டில் அளவைக் கொடுத்துவிட்டாளாம். மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சின்னு கேட்டுவிட்டாள்.

"மாமா, உங்க தொட்டித் தண்ணி ஏரிப் பக்கம் போகுதா?"

"ஏன், அங்க நீச்சல் பழகப் போறியா?" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார். சின்னு படிக்கட்டில் பார்த்த கறையைச் சொன்னாள். வாய்க்காலைச் சொன்னாள். தெள்ளுகளின் மரபணுவைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வார்த்தைகள் முந்திக்கொண்டு விழுந்தன. கேட்க நினைத்தது கேள்வியாகத்தான், வெளியே வந்தது குற்றச்சாட்டாக.

 அந்த வாய்க்கால் மழைத்தண்ணீருக்கு, தொட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எங்கள் தண்ணீர் மறுபக்கம் ஆற்றுக்குத்தான் போகிறது என்று மட்டும் மாமா சொன்னார். பிறகு, "நான் ஏரியைக் கெடுத்தேன்னு சொல்றே, அப்படித்தானே?" என்று கேட்டார்.

"அப்படி இல்ல மாமா…"

"அப்படித்தான்."

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். அக்காள் அவர் போன திசையைப் பார்த்தாள், அப்புறம் தங்கையைப் பார்த்தாள்.

"உன் பூச்சிக்கு மேலுக்கு முடியலன்னா என் வீட்டு அடுப்பை அணைக்கணுமா? ஊர்ல எத்தனையோ பேர் எதையெதையோ கொட்றான். இவரு ஒருத்தர்தான் உன் கண்ணுல பட்டாரா?"

 மறுநாள் காலையில் அக்காள் டீயைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. அக்காள் வாய் மூடியிருந்தால் அந்த வீட்டில் மின்சாரம் போனமாதிரி இருக்கும்.

அன்று பிற்பகல் ஆய்வுக்கூட வாயில்காவலர் மேலே போன் செய்தார். யாரோ ஒருவர் பாட்டிலோடு வந்திருக்கிறார், அனுமதிச் சீட்டு இல்லை, ஆனால் போகமாட்டேன் என்று நிற்கிறார். சின்னு படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். மாமாதான். சீருடையோடு வந்திருந்தார், கையில் பெரிய பாட்டில்.

"இது எங்க தொட்டியிலிருந்து கடைசியா வெளியே போற தண்ணி. இன்னிக்குக் காலையில நானே பிடிச்சேன். உன் பூச்சிங்களை இதுல விட்டுப் பாரு."

அவள் வேண்டாம் மாமா என்று இழுத்தாள். அவர் பாட்டிலை அவள் கையில் திணித்தார். ஆற்றில் கலந்தால் எப்படி இருக்குமோ அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதுதான் நியாயம் என்று சொன்னார். அது நியாயம்தான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள். வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவராக அவர் தெரியவில்லை. பூச்சியையும் பார்க்க வேண்டும் என்றார்.

உள்ளே கூட்டிப் போய் நுண்ணோக்கியில் ஒரு தெள்ளை வைத்துக் காட்டினாள். மாமா ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை. முதுகில் உருண்டையாக இருப்பது என்ன என்று கேட்டார். முட்டை என்றாள். படபடவென்று அடித்துக்கொள்வது? இதயம் என்றாள்.

"இம்மாத்தூண்டுக்கு இதயமா" என்றார் அவர். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் கொஞ்சம் இடம் மாறியிருந்தது, போய்விடவில்லை.

அவர் போன பிறகு சின்னு அந்தத் தண்ணீரை அளந்து, நல்ல தண்ணீர் சேர்த்து, தெள்ளுகளை விட்டாள். ஒப்பீட்டுக்குப் பழைய கேனில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டாள். மனசு மட்டும் ஊசலாடிக்கொண்டே இருந்தது. தன் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம், தப்பாகப் போக வேண்டும் என்று மறு நிமிஷம்.

ரசாயனப் பிரிவுக்காரர் போனில் கூப்பிட்டபோது அவள் கையில் பாசிக் குடுவை இருந்தது. இயந்திரம் சரியாகிவிட்டதாம். ஏரித் தண்ணீரில் இருப்பது செம்பு. செம்பு மட்டும்தான்.

"நிக்கல்?" என்றாள்.

"துளிகூட இல்லை. குரோமியமும் இல்லை."

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். முலாம் ஆலைத் தண்ணீராக இருந்தால் நிக்கல் இல்லாமல் எப்படி வரும்? அவர் அதைச் சொல்லவேண்டியதே இல்லை. அவளுக்கே தெரிந்த விஷயம். காத்திருந்தால் இது தானாக வந்து சேர்ந்திருக்கும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

பேராசிரியையும் அவளும் ஏரிக்குப் போனார்கள். ஏரிக்காவலர் பம்ப் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறைக்க அவரிடம் ஒன்றுமே இல்லை. தண்ணீர் பச்சையாக நுரைத்து நாற்றம் எடுத்தது, நடக்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் செய்தார்கள், அதனால் மேலிடத்தில் சொல்லி மயில்துத்தம் போட்டோம் என்றார். மயில்துத்தம் என்பது செம்பு உப்பு; பாசியைக் கொல்லும். மூட்டையைக்கூடத் திறந்து காட்டினார், மயில் கழுத்து நிறத்தில் கட்டி கட்டியாக இருந்தது. கரைத்து ஊற்றிய வாளியை எங்கே கழுவினீர்கள் என்று சின்னு கேட்டாள். இதோ இந்தப் படியில்தான் என்று காட்டினார். போட்ட பிறகு தண்ணீர் எவ்வளவு தெளிந்துவிட்டது பாருங்கள் என்று பெருமையோடு வேறு சொன்னார்.

திரும்பும்போது பேராசிரியை உற்சாகமாக இருந்தார். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர், அதற்குள் கத்துகிற மரபணு: இதைத் தனியாகவே எழுதலாம் என்றார். ஏரி நிர்வாகத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்றார். சின்னு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

வீட்டுக்குப் போனதும் மாமா முன்னால் நின்று சொல்லிவிட்டாள். அவர் பழுதான மின்விசிறி ஒன்றைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையதுதான் மாமா, ஏரியில் போட்டது மயில்துத்தம், உங்கள் தண்ணீர் இல்லை, வாயை அடக்கியிருக்க வேண்டும் என்றாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்காள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாமா ஒரு திருகாணியை வாயிலிருந்து எடுத்தார். "சரி விடு" என்றார். கொஞ்சம் கழித்து, "என் பாட்டில் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

இன்னும் முடியவில்லை என்றாள். அது உண்மைதான். மறுநாள் அது பொய்யாகப் போயிற்று.

மாமாவின் தண்ணீரில் ஒரு தெள்ளுகூடச் சாகவில்லை. ஆனால் உலோகத்துக்கான மரபணு, அவள் வேண்டுமென்றே உலோகம் கலந்த ஜாடிகளில் கேட்டதைவிட உரக்கக் கத்தியது. முட்டைக்குக் கரு சேர்க்கச் சொல்லும் இன்னொரு மரபணு வாயை மூடிக்கொண்டுவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தாள். முதுகுப் பைகள் காலியாக இருந்தன.

சூடு கண்ட பூனையாகிவிட்டிருந்தாள் சின்னு. திரும்பச் செய்தாள். வேறு தெள்ளுகளை வைத்துச் செய்தாள். மாமா வீட்டில் எதிர்ப்படுகிற நேரமாகப் பார்த்து அறைக்குள் புகுந்துகொண்டாள். காலையில் அவர் கிளம்பிய பிறகு எழுந்தாள், மாலையில் வேலை இருக்கிறது என்று தாமதமாக வந்தாள். முதல் தடவை தெரியாமல் பேசி அவரை நோகடித்தாள். இந்தத் தடவை தெரிந்துகொண்டு பேசாமல் இருந்தாள். எது மோசம் என்று அவளுக்கே பிடிபடவில்லை. அக்காள் ஒருநாள் வழிமறித்து, அவர்தான் மறந்துவிட்டாரே, இன்னும் எதற்கு எலி மாதிரி ஓடி ஒளிகிறாய் என்று கேட்டாள்.

கடைசியில் பஸ் நிறுத்தத்துக்கு அவரோடு சேர்ந்து நடந்தாள். தெரு முழுக்க வேலைக்குப் போகிற கூட்டம். நின்று பேச இடமில்லாததே அவளுக்குச் சௌகரியமாக இருந்தது.

"மாமா, உங்க பாட்டில் முடிஞ்சிருச்சு."

"செத்துருச்சா?"

"இல்ல. ஒண்ணுகூடச் சாகல. ஆனா முட்டை வைக்கல."

அவர் நடந்துகொண்டே இருந்தார். உயிரோடு இருந்தால் போதாதா என்று கேட்டார், வாதத்துக்கு இல்லை, தெரிந்துகொள்ள. வந்த உலோகத்தைக் கட்டிப்போடுவதிலேயே அதன் சக்தியெல்லாம் போய்விடுகிறது, முட்டைக்கு மிச்சமில்லை என்று அவள் விளக்கினாள். இருக்கிறது இருக்கும், அடுத்தது வராது. இதைத் தின்கிற மீனுக்கு அப்புறம் சாப்பாடு இருக்காது.

"அளவெல்லாம் எப்பவும் சட்டத்துக்குள்ளதான் இருக்கு சின்னு. நான் ஒரு நாள்கூட மீறினதில்ல."

"தெரியும் மாமா. நானும் அளந்து பார்த்தேன். சட்டத்துக்குள்ளதான் இருக்கு."

"அப்புறம்?"

"சட்டம் மனுஷனுக்குப் போட்டது."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, அடுத்ததற்கு நின்றார். தண்ணீர் கண்ணாடி மாதிரி போகும், தொட்டி விளிம்பில் நின்று அதைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும் என்றார். 

அடுத்த வாரம் அவரே இன்னொரு பாட்டில் கொண்டுவந்தார். இந்தத் தடவை வாயில்காவலர் வழிவிட்டார். சுண்ணாம்பைக் கொஞ்சம் கூட்டி, தண்ணீரை வழக்கத்தைவிட அதிக நேரம் தேங்கவைத்துப் பிடித்தது என்றார். சின்னு தெள்ளுகளை விட்டாள். கோடு இறங்கியது. முழுக்க இல்லை, ஆனால் இறங்கியது. சில பைகளில் முட்டை தென்பட்டது. அதைப் போனில் சொன்னபோது மறுமுனையில் மாமா பக்கத்தில் யாரிடமோ "முட்டை வெச்சிருக்காம்" என்று சொல்வது கேட்டது. கேட்டவர் கோழி என்று நினைத்திருப்பார்.

ஆனால் தண்ணீர் தேங்கினால் தொட்டி நிறையும். தொட்டி நிறைந்தால் மேலே முலாம் வரிசை நிற்க வேண்டும். ஒருநாள் அப்படி நின்றது. மேலாளர் கீழே இறங்கி வந்து, எதற்காக வால்வைத் திறக்கவில்லை என்று கேட்டார். மாமா காரணத்தைச் சொன்னார். மேலாளர் கெட்டவர் இல்லை. கேட்டுக்கொண்டார், பரிசோதனை அளவுகளைப் புரட்டிப் பார்த்தார், எல்லாம் சட்டத்துக்குள் இருக்கும்போது எனக்கு ஏன் இந்தத் தலைவலி என்றார். பெரிய தொட்டி ஒன்று கட்டினால் நின்று தெளிய நேரம் கிடைக்கும் என்று மாமா சொன்னதற்கு, பார்க்கலாம் என்று பதில் வந்தது. வால்வைச் சீக்கிரம் திறக்கச் சொன்னார்கள். மாமா மறுநாளும் தேங்கவைத்தார். அதற்கடுத்த வாரம் அவரைத் தொட்டியிலிருந்து எடுத்து சக்கரத்தில் வைத்து மெருகேற்றும் பிரிவில் போட்டுவிட்டார்கள்.

புருவமெல்லாம் சாம்பல் நிறத் தூளோடு வீட்டுக்கு வந்தார். சக்கரத்தின் இரைச்சல் காதிலேயே நிற்கிறது என்று பேச்சுக்குப் பேச்சு "என்ன?" என்று கேட்டார். சின்னு அக்காளிடம் நல்ல திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருந்தாள். அக்காள் துண்டை ஈரம் செய்து கொண்டுவந்து புருஷன் புருவத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு தங்கை பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"சும்மா ஒண்ணும் இவரைத் தூக்கிப் போடல. இவரு சொன்னது அவங்களுக்கு உறைச்சிருக்கு."

அந்த வார்த்தை சின்னுவுக்குத் திட்டைவிடக் கனமாக இருந்தது. அறைக்குப் போனாள், திரும்ப வந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். தொட்டியில் இப்போது வேறொருவர் நிற்கிறார். வால்வு நேரத்துக்குத் திறக்கிறது. ஆற்றில் இருக்கிற தெள்ளுகளின் உடம்பில் இந்த நிமிஷம் என்ன கூச்சல் நடந்துகொண்டிருக்கும்? பேராசிரியையிடம் சொல்லி ஆலைக்கு முறையாக எழுதிக் கேட்கச் செய்தாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினார்கள். ஆற்றில் ஆலைக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் எடுக்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம் என்று பேராசிரியை சொன்னார். எடுத்தார்கள். அது ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால், மாமா வயசே இருக்கிற ஓர் ஆள், தொப்பி கையில், நெளிந்துகொண்டு நின்றார். தொட்டிக்கு மாற்றலாகி வந்திருப்பவர். அதற்கு முன்னால் பெட்டி கட்டும் பிரிவில் இருந்தவர். மாமா இருக்கிறாரா என்று கேட்டார். மாமா சக்கரச் சத்தத்துக்குப் பழகிய காதோடு, "யாரு?" என்று உள்ளேயிருந்து இரைந்தார்.

வந்தவர் உள்ளே வர மறுத்துவிட்டார். மாமா வெளியே போனார். இருவரும் மாடிப்படியில் அடுத்தடுத்த படிகளில் உட்கார்ந்தார்கள். அந்த ஆளுக்கு விஷயம் பிடிபடவில்லையாம். அடியில் படிகிற சேறு சில நாள் இறுகாமல் சாம்பல் மாதிரி மிதந்து வருகிறதாம். எல்லோரும் ஏதோ முட்டை, பூச்சி என்று பேசிக்கொள்கிறார்களாம், அது என்ன சங்கதி என்று கேட்டார். மேலாளருக்குத் தெரியாமல் வந்திருப்பதாக அவர் சொல்லவில்லை, ஆனால் அடிக்கடி தெருவைப் பார்த்துக்கொண்டார்.

மாமா முதலில் ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கையை நீட்டிக் காற்றில் தொட்டி வரைய ஆரம்பித்தார். சுண்ணாம்பை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக. காலையில் வரிசை ஓட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே, ராத்திரி முழுக்க நின்று தெளிந்த தண்ணீரில் பாதித் தொட்டியை வெளியேற்றிவிட்டால், அப்புறம் வருகிற தண்ணீருக்கு நின்று தெளிய இடம் கிடைக்கும். மேலே யாருக்கும் வேலை நிற்காது. இது முன்பே தோன்றியிருந்தால் என் தொட்டி வேலை போயிருக்காது என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஆள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சின்னு கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அப்படிச் செய்தால் கோடு எவ்வளவு இறங்கும்? இறங்குமா? அவளுக்கு அங்கே நிற்க முடியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடி, ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினாள். விடுமுறை நாளில் எங்கே என்று அக்காள் கேட்டாள். ஜாடி தயார் செய்து வைக்க வேண்டும் என்றாள். இருவரும் உட்கார்ந்திருந்ததால் படியில் வழியில்லை. மாமா கால்களை ஒடுக்கிக்கொண்டு வழிவிட்டார்.

"நாளைக்கு இவரு ஒரு பாட்டில் அனுப்புவாரு" என்றார்.

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் வந்தவர்.

"அனுப்புவீங்க" என்றார் மாமா. அதற்கு மேல் என்ன பேச்சு நடந்தது என்று சின்னுவுக்குத் தெரியாது. அவள் அதற்குள் தெருவுக்கு இறங்கி, பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள்.